பயோடேட்டாவில் எதை எழுதுவது, எதை விடுவது?

(திருத்தணியில் நடந்த இளைஞர் – வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

சில வாரங்களுக்கு முன் ஒரு தம்பி என்னிடம் ஒரு தாளை நீட்டி, "ஹஜ்ரத், இதைப் பார்த்து துஆச் செய்யுங்கள்" என்றான். வேலைக்கு அனுப்பும் பயோடேட்டா. ஜெராக்ஸ் கடையில் யாருடையதையோ பார்த்து அடித்தது. தகப்பனார் பெயர், மதம், சாதி, உயரம், எடை, ரத்த வகை, கல்யாணம் ஆனதா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், ஆதார் எண், பேங்க் கணக்கு எண் எல்லாம் அதில் இருந்தன. டிப்ளமோவில் அவன் என்ன படித்தான், எந்த மிஷினை ஓட்டத் தெரியும் என்பது மட்டும் ஒன்றரை வரி!

இன்னொன்றையும் கேளுங்கள். நம் ஊர் 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். இங்கே வளரும் பிள்ளை கடைவீதியில் தமிழ் பேசுவான், நகரிக்குப் போனால் தெலுங்கு பேசுவான், வீட்டில் உர்து பேசுவான். அந்தத் தம்பி 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் 'தமிழ், ஆங்கிலம்' என்று எழுதி நிறுத்திவிட்டான். அவன் விண்ணப்பம் போட்டதோ ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு! தெலுங்கை மறைத்துவிட்டு சாதியை எழுதியிருக்கிறான். "துஆ அப்புறம், முதலில் பேனாவை எடு" என்றேன்.

சகோதரர்களே! யூசுஃப் நபி (அலை) அவர்கள் மிஸ்ர் நாட்டு மன்னரிடம் பொறுப்பைக் கேட்டபோது என்ன சொன்னார்கள்? தாம் பாதுகாக்கத் தெரிந்தவர், விஷயம் அறிந்தவர் என்று இரண்டைச் சொன்னார்கள். களஞ்சியப் பொறுப்புக்கு வேண்டியது அவ்விரண்டுதான். தம் பாட்டனார் இன்னார் என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. கிணற்றில் தள்ளிய அண்ணன்மார் கதையையும் சொல்லவில்லை. அது பொய்யா? இல்லை. கேட்கிறவருக்குத் தேவையில்லாததைச் சொல்லாமல் விடுவது வேறு, பொய் சொல்வது வேறு.

வியாபாரிகளுக்கு இது நன்றாகப் புரியும். பெருமானார் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த செய்தியை அறிவீர்கள். சரக்கில் உள்ள குறையை மறைக்கக் கூடாது. ஆனால் வியாபாரியின் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று வாங்க வந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலை தேடுகிறவனுக்குச் சரக்கு அவனுடைய உழைப்பு. படிக்காத பட்டத்தைப் படித்ததாகவும், ஆறு மாத அனுபவத்தை இரண்டு வருடமாகவும் எழுதினால் அது ஈரத் தானியம்.

இப்போது எல்லா வாலிபர்களும் மனதுக்குள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "ஹஜ்ரத், மதத்தை எழுதாவிட்டால் என்ன? பெயரே சொல்லிவிடுகிறதே!" உண்மைதான். சுக்தேவ் தோராட், பால் ஆட்டவெல் என்ற இரு அறிஞர்கள் நடத்திய ஆய்வு 2007ல் வெளிவந்தது. 66 வாரங்களில் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களைத் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்த வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கும்தான் கிடைத்தன. அரசு வேலையில் மதத்தைக் காட்டி ஒதுக்குவதை அரசியல் சட்டத்தின் 16வது பிரிவு தடுக்கிறது. தனியார் கம்பெனியை அப்படிக் கட்டுப்படுத்தப் பொதுவான சட்டம் இன்றுவரை இல்லை. அதைக் கேட்டுப் போராட வேண்டியது இயக்கத்தின் வேலை. அதற்காகப் பெயரை மாற்றி எழுது என்று நான் சொல்ல மாட்டேன். மாற்றினால் சான்றிதழ் ஒரு பெயர், விண்ணப்பம் ஒரு பெயர் என்று நாளை நீயே மாட்டிக்கொள்வாய். பெயரை நிமிர்ந்து எழுது. அதற்கு அடுத்த வரியிலேயே உன் தொழில் திறமையை எழுது. மதம், சாதி, திருமணம், எடை எல்லாவற்றையும் அடித்துவிடு.

அரசு வேலைக்கு இந்தக் கணக்கே வேறு. அங்கே சாதியை எழுதாவிட்டால் நஷ்டம் நமக்கு. 2007ல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தமிழ்நாடு அரசு தந்த 3.5 சதவீத இடஒதுக்கீடு, லெப்பை, தக்கனி, ஷேக், சையத் என்று பட்டியலில் உள்ள பிரிவின் பெயரில் சான்றிதழ் எடுத்தால்தான் கிடைக்கும். சான்றிதழில் வெறுமனே 'முஸ்லிம்' என்று இருந்தால் உடனே தாலுகா ஆபீசில் விசாரியுங்கள்.

வழக்கு இருந்தால்? போராட்டத்துக்குப் போய் வழக்கு வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். சரிபார்ப்புப் படிவத்தில் கேட்டிருந்தால் மறைக்காதே. 2016ல் அவதார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கேள்வி குறிப்பாகக் கேட்கப்பட்டிருந்தால் பதில் உண்மையாக இருக்க வேண்டும். குறிப்பாகக் கேட்காததைச் சொல்லவில்லை என்று குற்றம் பிடிக்க முடியாது. சின்ன வழக்கை மன்னிக்க நிர்வாகத்துக்கு இடம் உண்டு. வழக்கைவிட அதை மறைத்ததுதான் பலருடைய வேலைக்கு உலை வைத்தது.

நம் பெண்பிள்ளைகளிடம் இன்னும் மோசமாகக் கேட்கிறார்கள். எல்.ஐ.சி. தன் படிவத்தில் மாதவிலக்கு, கர்ப்பம் பற்றியெல்லாம் ஒரு பெண்ணிடம் கேட்டு, பிறகு வேலையை விட்டும் நீக்கியது. 1991ல் உச்சநீதிமன்றம் அவருக்கு வேலையைத் திரும்பக் கொடுத்து, அந்தக் கேள்விகளை எடுத்துவிடுமாறும் சொன்னது. ஆகவே "எப்போது கல்யாணம்?" என்று கேட்டால், "வேலை நேரத்துக்கு என்னால் வர முடியும்" என்று பணிவாகச் சொன்னால் போதும்.

ஆதார், பேங்க் கணக்கு, பாஸ்போர்ட் எண் இவை பயோடேட்டாவில் ஏறவே கூடாது. வேலை உத்தரவு கைக்கு வந்த பிறகு பி.எஃப். கணக்குக்கும் சம்பளத்துக்கும் கொடுக்கலாம். அந்தத் தம்பிக்கு என்ன ஆனது தெரியுமா? அவன் தாளைப் பார்த்து யாரோ போன் செய்து, தகப்பனார் பெயர் முதற்கொண்டு சொல்லி நம்பவைத்து, 'பதிவுக் கட்டணம்' என்று நாலாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் ஏஜெண்டின் பெயர் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டை நீட்டாதீர்கள்.

வணிகச் சகோதரர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனிக்காரன் பெயரைப் பார்த்து ஒதுக்குகிறான் என்று மேடையில் முழங்குகிறோம். நம் கடைக்கு வேலை கேட்டு வரும் பையனிடம் நாம் கேட்பது என்ன? "எந்தத் தெரு? எந்த ஜமாஅத்? உன் அத்தா என்ன செய்கிறார்?" கணக்குப் போடத் தெரியுமா என்பது நாலாவது கேள்வி. நான் அறிந்த ஒரு கடையில் பையனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அசலை வாங்கி கல்லாப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். ஓடிப்போகாமல் இருக்க அடமானமாம்! ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு அது தேவைப்பட்டபோது முதலாளி ஊரில் இல்லை. பையனுக்கு ஒரு வருடம் போயிற்று. அவன் நம் பிள்ளைதான், முதலாளியும் நம்மவர்தான்.

உங்கள் கல்லாவில் அப்படி யாருடைய அசல் சான்றிதழாவது இருந்தால் நாளைக் காலை கடை திறந்ததும் கொடுத்துவிடுங்கள். நகல் போதும். வேலையை விட்டுப் போனவர்களின் ஆதார் நகல்களைக் கிழித்துப் போடுங்கள். பொட்டலம் மடிக்கக் கொடுக்காதீர்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

வாலிபர்கள் ஞாயிறு அஸருக்குப் பிறகு பயோடேட்டாவையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்துவோம். அந்தத் தம்பியும் வருகிறான். தெலுங்கைச் சேர்த்துவிட்டான்.