காற்றுக்கு எதிரே ஒரு சின்னப் பாய்மரம்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர் வேலை பார்த்தவன் நான். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகிப்போன தொண்டை இது. நானும் என் பேரனும் வீட்டிலே செய்த ரிமோட் பாய்மரப் படகைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டதால் துணிந்து வந்து நிற்கிறேன்.

வேலையை ஆரம்பித்த அன்றே பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "என்னங்க அண்ணே, கடலே இல்லாத லெம்பா பெர்த்தாம்ல படகு எதுக்கு? நமக்கும் பாய்மரத்துக்கும் என்ன சம்பந்தம்?"

நல்ல கேள்விதான். ஆனால் சம்பந்தம் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிலே நம் தமிழ் மேஸ்திரிமார் கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். நம் மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு போய் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இங்கே பக்கத்திலேயே, ரியாவ் தீவுகளில் மலாய் மக்கள் ஜோங் என்ற சின்னப் பாய்மரத்தைச் செதுக்கிப் போட்டிக்கு விடுகிறார்கள். அதிலே ஆளும் கிடையாது, ரேடியோவும் கிடையாது. கரையில் வைத்துப் பாயைச் சரியாகக் கட்டி விட்டால் அதுவாகவே ஓடும். பக்கத்திலே ஒரு மிதவைக் கை நீட்டிக்கொண்டிருப்பதால் கவிழாது.

எங்கள் படகிலே ரேடியோ உண்டு. அதனால் அதில் இயந்திரம் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, தள்ளுவது காற்று மட்டும்தான். ரேடியோ அலையால் படகை ஓட்டலாம் என்று நிக்கோலா டெஸ்லா என்பவர் 1898-இலேயே நியூயார்க்கில் ஒரு தொட்டித் தண்ணீரில் செய்து காட்டினார். அவருடைய படகிலே மோட்டார் இருந்தது. பாய்மரத்திலோ ரிமோட் இரண்டே வேலை செய்கிறது. ஒரு குச்சி சுக்கானைத் திருப்பும். இன்னொரு குச்சி பாய்க்கயிற்றை இழுக்கும், தளர்த்தும். காற்றைத் திருப்ப எந்தக் குச்சியும் கிடையாது.

"அப்படியென்றால் காற்று வரும் பக்கமாகப் போகவே முடியாதா?" என்று மாணவர்கள் கேட்பீர்கள். தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்குப் பஸ் எப்படி ஏறுகிறது? நேராகவா? வளைந்து வளைந்துதானே! படகும் அப்படித்தான். காற்றுக்கு ஏறக்குறைய 45 பாகை விலகி ஒரு பக்கம் ஓட வேண்டும், கொண்டை ஊசி வளைவு மாதிரித் திரும்பி மறுபக்கம் ஓட வேண்டும். காற்று பாயைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். அடியிலே தண்ணீருக்குள் நிற்கும் தகடு அதை விடாது. ஈரமான பலாக்கொட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் முன்னே வழுக்கி ஓடுகிறதல்லவா, அந்த மாதிரி படகு முன்னால் போகும்.

எங்கள் முதல் படகு ஓடவே இல்லை. காய்கறி அடுக்கும் வெள்ளை நுரைப்பெட்டியை வெட்டி, ஒட்டி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினோம். தண்ணீர் புகாமல் இருக்க, கார் பட்டறையில் மிச்சமிருந்த பிசினைத் தடவினேன். ஐஸ்கட்டி வெயிலில் கரைகிற மாதிரி நுரை கண் முன்னால் கரைந்தது! பேரன் என் முகத்தைப் பார்த்தான். "தாத்தா, நீங்க பிட்டர்தானே?" என்றான். பாலியெஸ்டர் பிசின் அந்த நுரையைத் தின்றுவிடும், எப்பாக்சி பிசின் தின்னாது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது படகு கரையவில்லை, கவிழ்ந்தது. அடியிலே போதிய பாரமில்லை. பன்னாட்டுப் போட்டிகளில் ஒரு மீட்டர் நீளப் படகு என்று ஒரு வகை உண்டு. விதிப்படி அது 4 கிலோவுக்குக் குறையக்கூடாது. அதிலே 2.2 கிலோவுக்குக் குறையாமல் அடித்தகட்டிலும் அதன் நுனியில் தொங்கும் ஈயக் குண்டிலும் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் பாரம் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீருக்குள்ளே! எங்கள் படகு அதைவிடச் சிறியது. தூண்டிலுக்குப் போடும் ஈயக் குண்டுகளைச் சேர்த்துக் கட்டிப் பிசின் ஊற்றினோம். தயவுசெய்து யாரும் வீட்டு அடுப்பில் ஈயம் உருக்காதீர்கள். அந்தப் புகை பிள்ளைகளின் மூளையையே கெடுக்கும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மற்றதெல்லாம் வீட்டைச் சுற்றிக் கிடைத்தவைதான். பாய்மரம், முறிந்துபோன தூண்டிற்கோல். பாய், பழைய குடைத்துணி. மழை பெய்யும் இந்த ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. சுக்கான் தண்டு, சைக்கிள் கம்பி. ரேடியோ சாமானை மட்டும் காசு கொடுத்து வாங்கினோம். உடைந்த விளையாட்டுக் காரின் ரிமோட்டைக் கழற்றிப் போடலாமே என்று முதலில் முயன்று பார்த்தேன். சரிப்படவில்லை. சாதாரண விளையாட்டுக் காருக்கு முழு இடது, முழு வலது, அவ்வளவுதான். படகுக்கோ குச்சியைக் கொஞ்சம் தள்ளினால் சுக்கானும் கொஞ்சமே திரும்ப வேண்டும். அதற்குச் சர்வோ என்ற சின்ன மோட்டார் இரண்டு வேண்டும். இன்னொன்று: கரையில் முதலில் கையிலுள்ள ரிமோட்டைப் போட்டு, பிறகுதான் படகின் சுவிட்சைப் போட வேண்டும். அணைக்கும்போது படகு முதலில். மாற்றிச் செய்தால் சர்வோ தன் இஷ்டத்துக்குச் சுழன்று கயிற்றை அறுத்துவிடலாம்.

இப்போது பெற்றோர்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் என்றாலே நமக்குப் பயம். 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணை நமக்கு மேலே நிற்கிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில், பெருமழையில் அணை நிறைந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் ஆறு வீடுகளுக்குள் புகுந்ததையும், உயிர்கள் போனதையும் யார் மறப்பார்? படகு செய்கிறோம் என்றதும் என் மருமகள் சொன்னாள்: "மாமா, என்ன வேணா செய்யுங்க. புள்ளைய ஆத்துப் பக்கம் மட்டும் கூட்டிப் போகாதீங்க." அவள் சொன்னது சரி. ஆற்றில் நாங்கள் ஒரு நாளும் படகு விட்டதில்லை. தெரிந்த காய்கறித் தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு, அவருடைய நீர்க்குட்டையில்தான் விட்டோம்.

குட்டை பத்திரமான இடம் என்று நினைத்தது என் தவறு. தண்ணீர் ஊறிப் போகாமல் இருக்க அதன் சரிவெல்லாம் பிளாஸ்டிக் விரித்திருந்தார்கள். கால் வைத்தால் வழுக்கும். உள்ளே விழுந்தால் பெரியவனாலேயே ஏறி வருவது கஷ்டம்.

மூன்றாவது படகு. வெயில் ஏறி, பள்ளத்தாக்கு வழியாகக் காற்று மேலே வர ஆரம்பித்த நேரம். படகு சாய்ந்துகொண்டு ஓடிற்று பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு முறை காற்றுக்கு எதிரே ஏறிப் போய்த் திரும்பி வந்தது. மூன்றாம் முறை நடுக்குட்டையிலே நின்றது. சுக்கான் அசையவில்லை, பாய் படபடவென்று அடித்தது. "தாத்தா, போச்சு!" என்றான் பேரன். நான் ரிமோட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், அவன் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான்.

பெற்றோர்களே, ஆபத்து அந்த நிமிடத்தில்தான். படகு ஓடும்போது பிள்ளை கரையில் நிற்பான். தன் கையால் செய்த படகு நடுவில் நின்றால் நிற்பானா? நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அழுதான். "இருடா, அது இயந்திரப் படகு இல்லை. காற்று எந்தப் பக்கம் போகிறதோ, அந்தக் கரைக்கு அது வந்தே தீரும்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே முழு நம்பிக்கை இல்லை. எதிர்க்கரைக்கு நடந்து போய் உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம். வந்தது! பின்பக்கம் முன்னாலேயும் முன்பக்கம் பின்னாலேயுமாக, குடித்தவன் மாதிரி ஆடிக்கொண்டு வந்து சேர்ந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு குவளைத் தண்ணீர். சுக்கான் தண்டு நுழையும் குழாயில் கிரீஸ் வைக்க மறந்திருந்தேன். முப்பது வருடம் கிரீஸோடு குடும்பம் நடத்தியவன் நான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். பெரியவர் ஒருவர் இல்லாமல் படகு தண்ணீரில் இறங்காது. காற்று போய்ச் சேரும் கரையில் மனிதர் நிற்க நல்ல இடம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். தூண்டில் நூலில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டிக் கையோடு கொண்டு போவோம். படகு நின்றால் பந்தை அதற்கு அப்பால் எறிந்து, நூலைப் பாயில் மாட்டி, மெதுவாக இழுப்போம். மருமகள் இப்போது தானும் வருகிறாள். திருப்புவதில் அவள் கை என் கையைவிடச் சுத்தம்.

அந்தப் படகை ஐந்தாம் ஆண்டு வகுப்பறையில், ஜன்னல் ஓரத்து மேசையில் வைத்திருக்கிறோம். தேநீர் முடிந்ததும் வந்து பாருங்கள். பேரன் அங்கேதான் நிற்பான், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வான். சுக்கானைத் திருப்பிப் பார்க்கலாம், பாயை இழுத்துப் பார்க்கலாம். பாய்மரத்தைப் பிடித்து மட்டும் தூக்காதீர்கள். அது முறிந்த தூண்டிற்கோல்.