காணப் பழகுவோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சித்திரம் வரைதலைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வந்திருக்கிறோம். பரீட்சையும் வேலையும் தலைக்கு மேல் இருக்கும்போது, இறம்பொடை வாலிபருக்குச் சித்திரம் எதற்கு என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். எல்லோரும் சித்திரகாரர் ஆகவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நாள்தோறும் அரைமணி நேரம் ஏதேனும் ஒரு பொருளை நேரே பார்த்து வரையுங்கள் என்றே கேட்கிறோம். அதன் காரணத்தை விளக்க, எமக்கு நேர்ந்த வெட்கம் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது.

மிஷன் பாடசாலையில் நாம் கற்ற சித்திரப் பாடம் பரீட்சையோடு முடிந்துபோயிற்று. சென்ற விடுமுறையில் அதனை மீண்டும் தொடங்க எண்ணி, லயத்து இஸ்தோப்பில் இருந்தபடி, கொழுந்தெடுக்கும் எமது தாயாரை வரைந்தோம். தலையிலே கயிறு, முதுகிலே பிரம்புக் கூடை, முகத்திலே புன்னகை. படம் நன்றாக அமைந்துவிட்டது என்ற பெருமையோடு, மலையிலிருந்து திரும்பிய தாயாரிடம் நீட்டினோம். அவர் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "யாரு தம்பி இது? நான் கூடை தூக்கி எத்தனை வருசமாச்சு!" என்றார். அவர் வாசலில் இறக்கி வைத்தது நைலோன் பை.

நாம் வரைந்த கூடை எங்கிருந்து வந்தது? தேயிலைப் பெட்டியின் படத்திலிருந்து வந்தது. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய காலந்தொட்டு, தேயிலை விளம்பரங்களிலே கூடை சுமந்த பெண் நின்றுகொண்டிருக்கிறாள். தேயிலையை விற்பதற்காகப் பிறர் வரைந்த அந்தப் படம் எமது கண்ணுக்குள் குடிபுகுந்து, வீட்டிலே இருக்கும் தாயை மறைத்துவிட்டது!

மறுநாள் முதல் மாலைதோறும் தாயாரைப் பார்த்தே வரைந்தோம். மூன்றாம் நாள், சுமை இல்லாத வேளையிலும் அவரது கழுத்துச் சற்று முன்னே வளைந்திருப்பதைக் கண்டோம். ஐந்தாம் நாள், கயிறு பதியும் இடத்தில் தலைமயிர் தேய்ந்து மெலிந்திருப்பதைக் கண்டோம். இருபத்தொரு வருடம் அவரோடு ஒரே காம்பராவில் வளர்ந்தோம். அதுவரை அதனைக் கண்டோமில்லை. அன்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டோம். அதன்மேல் வரைய மனம் வரவில்லை.

அன்பர்களே, பார்ப்பது வேறு, காண்பது வேறு. சின்மயா மிஷன் அமைத்த ஆஞ்சநேயர் கோவில் நமது ஊரிலேதான் இருக்கிறது. அந்த ஆஞ்சநேயரின் கதையை நினைத்துப் பாருங்கள். இலங்கையிலே சீதையைத் தேடியபோது, உறங்கிக்கொண்டிருந்த மண்டோதரியைச் சீதை என்று முதலில் எண்ணி மகிழ்ந்தார். ஆனால் அம்மகிழ்ச்சியோடு திரும்பிவிடவில்லை. நிதானித்தார், தாம் எண்ணியது தவறு என்று தெளிந்தார், மீண்டும் தேடினார். பின்பு அசோகவனத்திலே மரத்தின்மீது மறைந்திருந்து, பொறுமையோடு அவதானித்த பின்னரே சீதையை அறிந்துகொண்டார். முதற்பார்வையைத் திருத்திக்கொள்ளும் அந்தப் பொறுமையையே சித்திர அப்பியாசம் நமக்குத் தருகிறது.

இத்தகைய பொறுமையோடு வாழ்ந்தவர்கள் நமக்குத் தூரத்திலும் இல்லை. நமது பாதை வழியே புசல்லாவை, கம்பளை கடந்து இறங்கினால் பேராதனை. அங்கே 1821இல் அமைக்கப்பட்ட தாவரப் பூங்காவில், 1823இல் சித்திரகாரராகச் சேர்ந்தவர் ஹர்மானிஸ் த அல்விஸ் என்னும் சிங்களவர். ஏறக்குறைய 38 ஆண்டுகள் செடிகொடிகளை எதிரே வைத்து வரைந்தார். அவருக்குப் பின் மகன் வில்லியமும் அப்பணியைத் தொடர்ந்தார். ஹென்றி டிரைமன் 1893இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவர நூலிலே அக்குடும்பத்தாரின் சித்திரங்கள் இடம்பெற்றன.

தமிழகத்திலே நாமக்கல்லில் 1919இல் பிறந்த சீனிவாசன் என்பவரை 'சில்பி' என்னும் பெயரால் பெரியோர் பலரும் அறிவீர்கள். அவர் கோவில் கோவிலாகச் சென்று, சிற்பங்களின் எதிரே அமர்ந்து வரைந்தவை 'தென்னாட்டுச் செல்வங்கள்' என ஆனந்த விகடனில் வெளிவந்தன. அவருக்கு வரைதலே வழிபாடாயிற்று.

கைத்தொலைபேசி ஒரு கணத்தில் படம் பிடித்துவிடுமே என்று நண்பர்கள் கேட்பார்கள். உண்மை. எமது கைத்தொலைபேசியிலும் தாயாரின் படங்கள் எத்தனையோ இருந்தன. தேய்ந்த அந்த மயிர் அவற்றிலும் இருந்திருக்கும். நாமோ ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டோம். வரைபவனோ ஒரு கோட்டுக்குப் பத்துமுறை நிமிர்ந்து பார்க்கவேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு பென்சில், ஒரு சித்திரக் கொப்பி, ஒரு தூரிகை, சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று வர்ணங்கள் போதும். முதலில் தேநீர்க் கோப்பையையோ, மூலையில் சாத்திய குடையையோ வரையுங்கள். கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பொருளின் உயரத்தையும் அகலத்தையும் பெருவிரலால் அளந்துகொள்ளுங்கள். பிழையை அழியாதீர்கள், பக்கத்திலே சரியான கோட்டைப் போடுங்கள். ஒவ்வொரு தாளிலும் திகதி இடுங்கள்.

பின்பு நீர்வர்ணத்துக்கு வாருங்கள். இளவர்ணத்தை முதலிலும் கடும்வர்ணத்தை இறுதியிலும் இடவேண்டும். வெண்மைக்குத் தாளே வர்ணம். 109 மீற்றர் உயரமான நமது நீர்வீழ்ச்சியை வரைய விரும்பினால், நீரை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள பாறையைத் தீட்டுங்கள். நீர் தானே விழும். கொழுந்துக்கு மஞ்சள் மிகுந்த பச்சை வேண்டும். முற்றிய இலைக்கு அப்பச்சையிலே சிறிது சிவப்பைச் சேருங்கள். நமது பனியில் தாள் விரைவில் உலராது. உலரும்வரை பொறுத்திருங்கள், அவசரப்பட்டால் வர்ணங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

வாலிப நண்பர்களே! நமது லயங்களையும் மலைகளையும் பிறர் பலர் வரைந்திருக்கிறார்கள், படம் பிடித்திருக்கிறார்கள். அவற்றில் நாம் அழகாக நிற்கிறோம். ஆனால் நமது தாய்மாரின் கழுத்து எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை அவர்கள் பிள்ளைகளே பார்த்து வரைந்தால்தான் அது மெய்யாகப் பதியும். அடுத்த ஆண்டு மலரிலே அவ்வாறு நம்மவர் வரைந்த படங்கள் நான்கைந்தேனும் வெளிவருதல் வேண்டும். மலர்க் குழுவினர் அதற்கு இடம் ஒதுக்குவார்களாக.

எமது தாயாரின் படம் இன்னும் சரியாக அமையவில்லை. நாளை மாலையும் வரைவோம்.