பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பாடப்பிரிவு?

(தருமபுரி மாவட்டத்தில் நடைபெற்ற உழவர் கூட்டம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கேழ்வரகு, சாமை, கொள்ளு என்று பயிர்களைப் பற்றிப் பேச வேண்டியவன் பள்ளிக்கூடப் படிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்குக் காரணம் உண்டு. நான் செய்த ஒரு தவறுதான் அந்தக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் மண் மாதிரி எடுப்பது பற்றிச் செய்முறை விளக்கம் காட்டிவிட்டுப் புறப்பட்டுக் கொண்டிருந்தோம். ஜீப்பில் ஏறும் நேரத்தில் ஒரு விவசாயி வந்து, "சார், பொண்ணு பத்தாவது பாஸ் பண்ணிட்டா. எந்த குரூப்புல சேக்கலாம்?" என்று கேட்டார். நேரமாகி விட்டது என்ற அவசரத்தில், "அறிவியல் குரூப்பிலே போடுங்கள், நல்லது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவரும் அப்படியே செய்தார். பக்கத்துப் பள்ளியில் இருந்தது கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் கொண்ட பிரிவு. அதுவும் அறிவியல்தானே! இரண்டு ஆண்டு கழித்து மகளையும் மதிப்பெண் பட்டியலையும் அழைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். நல்ல மதிப்பெண். கால்நடை மருத்துவத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றார். அந்த வீட்டில் மாடு ஈனும் இரவில் கண் விழித்திருந்து, கன்றைத் துடைத்தெடுத்து, சீம்பால் ஊட்டுகிறவள் அந்தப் பெண்தானாம். ஆனால் கால்நடை மருத்துவம் படிக்க மேல்நிலையில் உயிரியல் படித்திருக்க வேண்டும்; இல்லையென்றால் தாவரவியலும் விலங்கியலும் படித்திருக்க வேண்டும். அவள் படித்த பிரிவில் இவை இல்லை. விண்ணப்பமே போட முடியாது என்பதை அவர்களிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மண்ணைப் பார்க்காமல் ரகம் சொல்லாதே என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை, "உனக்கு என்னம்மா படிக்க ஆசை?" என்று கேட்டிருக்கலாம்.

உங்களில் வயது முதிர்ந்தவர்களுக்குப் பழைய முறை நினைவிருக்கும். பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. படித்த காலம் அது. 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. 1980இல் முதல் பிளஸ் டூ மாணவர்கள் பொதுத்தேர்வு எழுதினார்கள். அன்றிலிருந்து, எந்தப் பக்கம் போவது என்ற முடிவைப் பதினைந்து வயதில், தேர்வு முடிவு வந்த சில நாட்களுக்குள், உள்ளூர்ப் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தின் முன் நின்று எடுக்க வேண்டியிருக்கிறது. விதைநெல் வாங்க நான்கு கடை ஏறி இறங்குகிற நாம் இதற்கு அரை நாள்கூட ஒதுக்குவதில்லை.

இனி ஒவ்வொரு பிரிவும் எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்ப்போம்.

கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்த பிரிவில் படித்தவருக்குப் பெரும்பாலான வழிகள் திறந்திருக்கும். பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், செவிலியர் படிப்பு, மருத்துவம் எல்லாவற்றிற்கும் இதிலிருந்து விண்ணப்பிக்கலாம். எல்லாக் கதவும் திறக்கிறதே என்று எல்லாப் பிள்ளைகளையும் இதில் தள்ளிவிடவும் கூடாது. பாடச்சுமை அதிகம். கணக்கில் தடுமாறும் பிள்ளை நான்கு பாடத்திலும் குறைந்த மதிப்பெண்ணோடு வெளியே வந்தால், திறந்த கதவுகள் இருந்தும் உள்ளே இடம் கிடைக்காது.

அத்தகைய பிள்ளைக்கு இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் கொண்ட பிரிவு ஏற்றது. பொறியியல் போய்விடும், கால்நடை மருத்துவம், வேளாண்மை, செவிலியர் படிப்பு, மருத்துவம் போகாது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளில் பலருக்கு இதுவே பொருத்தமான பிரிவு என்பது என் கருத்து. ஏனோ நம்மவர்கள் இதைக் கணக்கு வராதவர்களின் பிரிவு என்று தாழ்வாகப் பேசுகிறார்கள்.

கணினி அறிவியலோடு கணிதம் உள்ள பிரிவு பொறியியலுக்கும், பட்டப்படிப்பில் கணிதம், இயற்பியல், கணினிக்கும் நேர்வழி. செட்டிக்கரையில் 2013இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது; வெளியூருக்கு அனுப்ப இயலாதவர்களுக்கு அது பெரிய வசதி. பொறியியலுக்கு மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடுகிறார்கள். 2007 முதல் இதற்கு மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. மருத்துவத்திற்கு மட்டும் 2017 முதல் நீட் தேர்வு எழுதியாக வேண்டும்.

வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளாதாரம் உள்ள பிரிவை நம்மவர்கள் ஏன் இளக்காரமாக நினைக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஊருக்கு ஊர் தொடங்கப்பட்டுள்ளன. அவற்றின் கணக்கை ஒழுங்காக எழுதவும், வரி விவரம் தாக்கல் செய்யவும் ஆள் தேவைப்படுகிறது. பட்டயக் கணக்கர் படிப்பின் முதல் தேர்வைப் பிளஸ் டூ முடித்தே எழுதலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அறிவியல் படித்தவர் பிறகு வணிகவியலுக்கோ வரலாற்றுக்கோ சட்டத்திற்கோ மாறலாம்; வணிகவியல் படித்தவர் அறிவியல் பக்கம் திரும்பி வர முடியாது. வாய்க்கால் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது அல்லவா? ஆகவே மனம் இன்னும் முடிவாகாத பிள்ளையை, பாடம் தாங்குமானால், அறிவியலில் வைப்பதே பாதுகாப்பு.

தொழிற்கல்விப் பிரிவு என்று ஒன்று உண்டு. சில பள்ளிகளில் அதில் வேளாண் அறிவியலே பாடமாக இருக்கிறது. அதில் படித்தவர்களுக்கென்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தனி ஒதுக்கீடு இருப்பது பலருக்குத் தெரியாது. போட்டியிடுகிறவர்களும் குறைவு.

எங்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேளாண்மை என்றால் ஒரே படிப்பு என்று எண்ண வேண்டாம். தோட்டக்கலை, வனவியல், உணவுத் தொழில்நுட்பம், வேளாண் பொறியியல் என்று பல உண்டு. மேட்டுப்பாளையத்தில் பட்டு வளர்ப்பிலேயே பட்டப்படிப்பு இருக்கிறது. பட்டுக்கூடு அங்காடி உள்ள தருமபுரியில் மல்பெரி போட்டிருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டாமா? இவற்றிலும் தகுதி ஒன்றுபோல் இல்லை. வேளாண் பொறியியலுக்குக் கணிதம் கட்டாயம். பயிர் சார்ந்த படிப்புகளுக்கு உயிரியல் படித்து வருவதே நல்லது. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியினத் தொழில்நுட்பப் படிப்பு பக்கத்திலேயே ஓசூரில் நடக்கிறது. விதிகளை ஆண்டுதோறும் திருத்துகிறார்கள். ஆகவே அந்த ஆண்டின் விண்ணப்பக் கையேட்டில் தகுதிப் பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பிளஸ் டூ முடித்த பிறகு வாசிப்பதை, பத்தாவது முடித்ததும் வாசியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பிளஸ் ஒன்னே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. பத்தாவதோடு பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயம் படித்தால், பிறகு பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்துப் பம்ப்செட் மோட்டாரும் டிராக்டரும் பழுது பார்ப்பவருக்கு ஊரில் வேலையில்லாத நாள் உண்டா?

இப்போது பணச் செலவு சம்பந்தமான ஒரு விஷயம். பத்தாவதில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையை, கடன் வாங்கியாவது தனியார் உறைவிடப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கும் வழக்கம் நம் பக்கம் பரவியிருக்கிறது. சேர்ப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதல் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றிற்கும் இதைச் சட்டமாக்கினார்கள். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024இல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் அதேபோல் ஒரு திட்டம் வந்தது. இரண்டாண்டுக்காகப் பள்ளி மாற்றினால் இந்த ஒதுக்கீட்டை இழக்கிறோம், கையில் கடனும் நிற்கிறது.

அரசுப் பள்ளியிலேயே படிக்க வைப்பதென்றாலும், வேண்டிய பிரிவு பக்கத்துப் பள்ளியில் இல்லாமற் போகலாம். பையன் என்றால் பஸ் ஏற்றி அனுப்புகிறோம். பெண் என்றால், "இங்கேயே இருக்கிற குரூப்பில் படிக்கட்டும்" என்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டமாக நம் தருமபுரி இருந்தது. சித்தேரி மலையிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் இறங்கி வந்து படிக்கும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். பஸ்ஸில் நான்கு ஊர் தள்ளிப் போய் வருவது அவ்வளவு பெரிய காரியமா? அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பயண அட்டை இலவசம். சேர்ந்த பிறகு பிரிவு தவறு என்று தெரிந்தால், முதல் சில வாரங்களுக்குள் தலைமையாசிரியரைப் பார்த்துக் கேளுங்கள். பாடம் நடந்து காலாண்டுத் தேர்வு வந்துவிட்டால் கேட்டும் பயனிருக்காது.

அந்தப் பாலக்கோட்டுப் பெண் இப்போது அரசுக் கலைக் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். குறை சொல்ல முடியாதபடி படிக்கிறாள் என்று அவள் தகப்பனார் சொன்னார். அவளுடைய தம்பி இந்த ஆண்டு பத்தாவது எழுதுகிறான். அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனிடமே கேட்டு, கையேட்டையும் வாங்கி அவளே வாசித்து வைத்திருக்கிறாளாம். என்னிடம் கேட்கவில்லை.

தகுதி விவரங்களை ஒரு தாளில் படியெடுத்து அந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளை இருந்தாலும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளு விதைநேர்த்தி பற்றிக் கேட்க வேண்டும் என்று காலையில் சொன்ன ஐயா, இப்போது கேட்கலாம்.