விடுதியாகிய வீடுகள்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடியாபட்டியில் நூறாண்டு கடந்த சிதம்பர விலாசம் இன்று யாத்திரிகர் தங்கும் விடுதியாக விளங்குகின்றது. கானாடுகாத்தானில், தந்தை ஒருவர் தம் மகளுக்கென எடுப்பித்த 'விசாலம்' என்னும் இல்லமும் அவ்வாறே ஆயிற்று. 'முன்னோர் வாழ்ந்த மனையில் அயலார் கூலி கொடுத்து உறங்குவதா?' என வருந்துவார் நம்முள் உளர். அவ்வருத்தம் தக்கதா என ஆராய்வோம்.

முதற்கண், நகரத்தார் வீட்டின் அமைப்பை நோக்குங்கள். முகப்பைக் கடந்தால் வளவு. நடுவே வான்நோக்கித் திறந்த முற்றம். அதனைச் சூழத் தூண் நிரை. அதன்பின் அறைகளின் வரிசை. மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் அறை தனி. முற்றமோ அனைவர்க்கும் பொது. தனிமையும் கூட்டும் ஒருங்கே வாழும் வாழ்வையே கட்டடமாக்கினர் நம் முன்னோர். அப்பால் பந்திக்கட்டு, அதன்பின் அடுப்படி. தலைவாயில் முதல் பின்வாயில் வரை வாயில்கள் நேர்நிற்றலால் காற்று தடையின்றி ஓடும். முற்றம் வெம்மையைப் போக்கும். மழையை உள்ளே வாங்கும். பர்மாத் தேக்கும், இத்தாலியச் சலவைக்கல்லும், முட்டை வெண்கரு சேர்த்து மெருகிட்ட சுண்ணச் சுவரும், கண்ணாடிமேல் வார்த்த ஆத்தங்குடிக் கற்களும் அவ்வமைப்பிற்கு அணிகளே.

1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டது. நம்மவர் பலரின் செல்வம் அழிந்தது. பின்னர் மக்கள் பிழைப்பு நாடிப் பல ஊர்க்கும் சென்றனர். வீடு ஒன்று, பங்காளிகளோ பலர். ஓடு மாற்ற ஒருவர் இசைந்தால் மற்றவர் இசையார். முடிவில் தூண் வேறு, நிலை வேறு எனப் பிரித்து விற்கப்பட்ட மனைகள் பல. காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் அவற்றின் உறுப்புக்களைக் காணலாம். அவ்வாறு பிரிந்த வீடு மீளாது. விடுதியான வீடு மீளக்கூடும். ஆதலின், விடுதியை யான் இகழேன்.

ஆயினும், ஒன்று கூறுவேன். 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமை உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. உலகம் மதிப்பது தேக்கின் விலையையன்று, அமைப்பையே. வளவில் சுவர் எழுப்பி அறை பெருக்கினால் எஞ்சுவது சத்திரமே. எனவே, வீட்டை ஒப்படைக்கும் பங்காளிகள் இரண்டு விதிகளை உடன்படிக்கையில் எழுதுக: வளவைத் தடுத்தலாகாது, படைப்பு நாளில் வளவு குடும்பத்தார்க்கே உரியது. அந்நாளில் மக்களையும் பேரரையும் அழைத்து வருக. எவ்வறை எப்பாட்டனுடையது என்பதைத் தாய்மார்களே காட்டுக.