ஒயின் கிளப்ல சேர்ந்தா ஒயின் தெரிஞ்சுடுமா?

நம்ம ஊர்ல ‘ஒயின்ஷாப்’னு சொல்ற கடையில ஒயினைத் தவிர மத்த எல்லாத்தையும் வாங்குவாங்க. அந்த ஊர்ல இருந்து வந்த நான், கலிஃபோர்னியாவுல ஒரு ஒயின் கிளப்ல மெம்பர் ஆனேன். இன்னைக்கு அந்தக் கதைதான்.

சான் ஹோசேவுக்கு வேலைக்கு வந்த புதுசு. ஒரு டீம் டின்னர்ல மேனேஜர் ஒயின் லிஸ்ட்டை என் கையில கொடுத்துட்டார். ஒரு பேர் கூட வாய்ல நுழையல. விலை குறைஞ்சதுல இரண்டாவதைக் காட்டி சமாளிச்சேன். அந்தக் கூச்சம் போகணும்னு, அடுத்த மாசம் லிவர்மோர் பள்ளத்தாக்குல ஒரு ஒயினரிக்குப் போனப்போ கிளப்ல சேர்ந்துட்டேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆறு பாட்டில் வீடு தேடி வரும்.

ஒரு வருஷத்துல 24 பாட்டில். என்ன கத்துக்கிட்டேன்? அந்த ஒரு ஒயினரியோட ருசியை மட்டும். பெட்டியோட வர்ற கார்டுல ‘பிளாக்கரண்ட் வாசனை’னு இருக்கும். நானும் தலையாட்டுவேன். பிளாக்கரண்ட்டை நான் வாழ்க்கையில சாப்பிட்டதே இல்ல!

அப்போதான் அம்மா ஊர்ல இருந்து வந்தாங்க. ஹால் மூலையில அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்துட்டு, “ஏன்டா, இதெல்லாம் நீ ஒருத்தனேவா குடிக்கிற?”ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான், திட்டல. ஆனா அம்மாவோட தம்பி, என் மாமா, குடியாலதான் போனார். அந்தக் கேள்விக்குப் பின்னாடி யார் நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும்.

அன்னைக்கு ராத்திரி யோசிச்சுப் பார்த்தேன். அடுத்த பெட்டி வர்றதுக்குள்ள இதை முடிக்கணும்னு வார நாள்லயும் பாட்டிலைத் திறந்திருக்கேன். கத்துக்க இல்ல, பேக்லாக் தீர்க்க குடிச்சிருக்கேன். மறுநாளே மெம்பர்ஷிப்பை கேன்சல் பண்ணேன். சேர ஒரே கிளிக் போதும். விலக போன் பண்ணிக் காத்திருக்கணும்!

கிளப்பே தப்புன்னு சொல்லல. எந்த வகைன்னு தெரிஞ்சு சேரணும். ஒயினரியோட சொந்த கிளப், அவங்க சரக்கை மட்டும் அனுப்பும். வேற சில கிளப்புகள் பல நாட்டு ஒயினைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். கத்துக்க அதுதான் நல்லது. பிரிட்டன்ல ‘தி ஒயின் சொசைட்டி’ 1874ல ஆரம்பிச்ச கூட்டுறவுச் சங்கம். ஒரு பங்கு வாங்கினா நீங்களும் அதுல ஓனர். மாசாமாசம் பெட்டி வாங்கியே ஆகணும்ங்கிற கட்டாயமும் கிடையாது.

அதுக்கப்புறம் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து எங்களுக்குள்ளயே ஒரு குட்டி கிளப் ஆரம்பிச்சோம். மாசம் ஒரு சாயங்காலம், ரெண்டே பாட்டில். ரூல் நம்ம டெஸ்டிங் ரூல்தான்: ஒரே ஒரு வேரியபிளை மட்டும் மாத்தணும். முதல் தடவை சிரா திராட்சை. ஒண்ணு பிரான்ஸோட வட ரோன் பகுதி. இன்னொண்ணு ஆஸ்திரேலியாவோட பரோசா. அங்க அதுக்கு ஷிராஸ்னு பேரு. அதே திராட்சைதான். ஆனா குளிர்ச்சியான ரோன்ல புளிப்பு தூக்கலா இருந்துச்சு; வெயில் அடிக்கிற பரோசாவுல பழுத்த பழத்தோட ருசி, ஆல்கஹாலும் கூட. ஒரு வருஷத்துல புரியாதது ஒரு மணி நேரத்துல புரிஞ்சது.

ஆளுக்கு ஒவ்வொண்ணுலயும் 50 மில்லி போதும். கார் ஓட்டுறவங்க ருசி பார்த்துட்டுத் துப்பிடணும். தொழில்முறையா ருசி பார்க்கிறவங்களும் அப்படித்தான் பண்றாங்க.

அன்னைக்கு அம்மாவும் கூட உட்கார்ந்திருந்தாங்க. ஒரு சொட்டு குடிக்கல. ரோன் கிளாஸை மோந்து மட்டும் பார்த்துட்டு, “நாவல்பழம் மாதிரி இருக்கு... மிளகு ஏதும் போட்டிருக்காங்களா?”ன்னாங்க. யாரும் போடல. ஆனா சிராவுல வர்ற அந்த வாசனைக்குக் காரணம் ரோட்டன்டோன்னு ஒரு பொருள். மிளகுல இருக்கிறதும் அதேதான்! கார்டு படிச்சு நான் கண்டுபிடிக்காததை, தினம் ரசத்துக்கு மிளகு தட்டுற மூக்கு கண்டுபிடிச்சது.

அன்னையில இருந்து என் நோட்டுல பிளாக்கரண்ட் கிடையாது. நாவல்பழம், புளி, கிராம்புதான். நாக்கு வறண்டு இழுத்துப் பிடிக்குதா? ‘பால் ஊத்தாம ரொம்ப நேரம் கொதிச்ச டீ’ன்னு எழுதுவேன். டானின்னு சொல்றது அந்த உணர்வைத்தான்; அது முக்கியமா திராட்சைத் தோல்லயும் விதையிலயும் இருந்து வருது.

சேர்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. வெவ்வேற ஊர் ஒயின் வருமா? ஒரு பெட்டி வேண்டாம்னா தள்ளிப் போடலாமா? கேன்சல் பண்றது சுலபமா? மூணுக்கும் ‘ஆமா’ன்னா யோசிக்கலாம்.

கடைசியா ஒண்ணு. எந்த அளவு ஆல்கஹாலும் பாதுகாப்பானது இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல தெளிவாச் சொல்லிடுச்சு. குடிக்காதவங்க இதுக்காகப் பழக வேண்டாம். மோந்து பார்த்தாலே பாதி பாடம் வந்துடும், எங்க அம்மா சாட்சி!

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.