சைகை விளக்கின் கண்ணில் படாத வண்டி



சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்க வேண்டும் என்பது யாவரும் அறிந்த விதி. விதியை மதித்து நின்றவனுக்குப் பச்சை விளக்கே வராவிட்டால் அவன் என்ன செய்வது? வேடிக்கையாகத் தோன்றும் இக்கேள்வி, அமெரிக்காவில் பல மாநிலச் சட்டமன்றங்கள் வரை சென்ற ஒன்றாகும்.

நமக்கு நெடுநாள் பழக்கமான விளக்கு, கடிகாரத்தின்படி மாறுவது. சாலையில் எவரும் இல்லாவிடினும் அது தன் முறைப்படி பச்சை காட்டும். வண்டி வந்தால் மட்டுமே மாறும் விளக்கு வேறு வகை. 1928-இல் பால்டிமோர் நகரில் சார்லஸ் ஆட்லர் அமைத்த விளக்கு, வண்டியோட்டி எழுப்பும் ஹாரன் ஒலியைக் கேட்டு மாறியது. (அம்முறை நம் நகரங்களுக்கு வராமற் போனது நம் காதுகள் செய்த புண்ணியம்.) 1960-களில் தூண்டல் சுருள் வந்தது. தார்ச்சாலையை அறுத்து, மின்கம்பியைச் சில சுற்றுகள் புதைத்து, அதில் மாறுதிசை மின்னோட்டம் செலுத்துவர். மேலே வந்து நிற்கும் வண்டியின் உலோகப் பரப்பில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றும். சுருளின் தூண்டல் திறன் குறையும். அம்மாற்றத்தைக் கருவி கண்டறிந்து, ‘வண்டி வந்திருக்கிறது’ எனக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அறிவிக்கும்.

வண்டியின் எடையை இக்கருவி பார்ப்பதில்லை. காந்த ஈர்ப்பும் இங்கு கணக்கில் வருவதில்லை. ஆகவே மோட்டார் சைக்கிளின் அடியில் ஒட்டிக்கொள்ளும்படி விற்கப்படும் காந்தங்கள் பணத்திற்குக் கேடு. அலுமினியச் சக்கரமுடைய மிதிவண்டிகூடச் சுருளின் விளிம்புக் கம்பி மீது நின்றால் உணரப்படும். நடுவில் நின்றால் தவறிவிடக்கூடும். கார் விரிந்த தகடாகச் சுருளின் மீது படிகிறது; இருசக்கர வண்டியோ ஒற்றைக் கோடாக நிற்கிறது. கருவியின் உணர்திறனைக் கூட்டினால் சிறு வண்டியும் தெரியும். ஆனால் அளவு மீறினால் அடுத்த தடத்தில் செல்லும் லாரியையும் அது தன் தடத்து வண்டி என்று எண்ணிவிடும். அதற்கஞ்சிக் குறைத்து வைக்கும்போது, பாதிப்பு மோட்டார் சைக்கிளுக்குத்தான் வந்து சேருகிறது. எட்டு வடிவில் சுற்றிய சுருள் இக்குறையைப் பெரிதும் நீக்கும்.

இனி, சட்டம் செய்ததைப் பார்ப்போம். மின்னசோட்டா மாநிலம் 2002-இல் மோட்டார் சைக்கிளோட்டிக்கு ஒரு தற்காப்பு வாதத்தை வழங்கியது. முழுமையாக நின்றேன்; விளக்கு நியாயமான நேரத்திற்கு மேல் சிவப்பாகவே இருந்தது; கருவி என்னை உணரவில்லை; குறுக்கே ஆபத்தாக எவரும் வரவில்லை என்று அவன் நிறுவினால் குற்றமில்லை. விஸ்கான்சின் 2006-இல் 45 விநாடி காத்திருக்கச் சொன்னது. வர்ஜீனியா 2011-இல் இரண்டு நிமிடம் அல்லது விளக்கின் இரண்டு சுற்று என்றது. இவை இரக்கமுள்ள சட்டங்களே. ஆயினும், நள்ளிரவில் குறுக்குச் சாலையின் வேகத்தைத் தானே கணித்துக் கடக்கும் பொறுப்பும், பின்னர் அதை நிறுவும் சுமையும் வண்டியோட்டியின் தலையில் விழுகின்றன. கருவி செய்த பிழைக்கு அவன் உயிரைப் பணயம் வைப்பது முறையன்று என்பது என் கருத்து.

கலிபோர்னியா வேறு வழி சென்றது. 2007-இல் இயற்றிய சட்டத்தால், புதிதாக அமைக்கும் அல்லது மாற்றியமைக்கும் உணர்வி விளக்குகள் மிதிவண்டியையும் மோட்டார் சைக்கிளையும் உணர்ந்தே ஆக வேண்டும் என விதித்தது. அதன் பொறியியல் நெறிமுறை ஓர் அளவுகோலையும் வகுத்தது: நிறுத்தக் கோட்டை ஒட்டிய 6 அடிக்கு 6 அடிப் பரப்பில், 4 அடி உயரமும் சுமார் 41 கிலோ எடையும் கொண்ட ஒருவர், 16 அங்குலச் சக்கர மிதிவண்டியில் நின்றாலும் விளக்கு அறிய வேண்டும். அதாவது, ஒரு பள்ளிச் சிறுவனைக் காணக்கூடிய கருவியே சாலைக்குத் தகுதியான கருவி.

நம் நாட்டிற்கு இதனால் ஆவதென்ன? இங்குப் பதிவான வண்டிகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருசக்கர வண்டிகளே. 2015-இல் தொடங்கிய பொலிவுறு நகரத் திட்டத்தின் கீழும் பிற திட்டங்களின் கீழும் வண்டிகளை உணர்ந்து மாறும் விளக்குகள் பல நகரங்களில் நிறுவப்பட்டன. திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனம், கலப்புப் போக்குவரத்துக்கென்றே ‘கோசிகோஸ்ட்’ என்னும் கட்டுப்பாட்டு முறையை உருவாக்கியது. எனினும், நம் சட்டத்தில் மின்னசோட்டாவின் விலக்கு இல்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சிவப்பு விளக்கை மீறுவதை அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்தது. முதற்குற்றத்திற்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ உண்டு. நம் இருசக்கர வண்டிகள் தடம் பார்த்து நிற்பவையும் அல்ல. இடுக்குகளில் புகுந்து கோட்டைத் தாண்டி முன்னே நிற்பவை. கோட்டிற்குப் பின்னால் பார்க்கும் சுருளோ கேமராவோ அவற்றைத் தவறவிடும். குடிநீர்க் குழாய்க்குச் சாலையைத் தோண்டும்போது அறுபடும் சுருள்களைப் பற்றி அலுவலர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செலவில்லாத ஏற்பாடு ஒன்றுண்டு. உணர்வி பழுதானாலும் ஐயத்திற்குரியதானாலும், ஒவ்வொரு சுற்றிலும் அத்தடத்திற்குக் குறைந்தபட்சப் பச்சை கொடுக்கும்படி கட்டுப்பாட்டுப் பெட்டியில் அமைத்துவிடலாம். அடுத்தது, ஒப்பந்தப் பணி முடிந்து சந்திப்பை ஏற்றுக்கொள்ளும் நாள். அன்று அலுவலக ஜீப்பை நிறுத்திப் பார்த்துக் கையெழுத்திடுவதோடு நில்லாமல், இரவில், வேறு வண்டிகள் இல்லாத வேளையில், ஒரு மொபெட்டையும் ஒரு மிதிவண்டியையும் ஒவ்வொரு தடத்திலும் தனியே நிறுத்திப் பார்க்க வேண்டும். அச்சோதனையை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே ஒரு விதியாக எழுதிவிடுங்கள். பணி முடிந்த பின் கேட்டால் ஒப்பந்தக்காரர் கூடுதல் தொகை கேட்பார்.