தேர்தல் மேடையில் தெய்வம்



தேர்தலில் மதத்துக்கு என்ன இடம் என்று பேச வருபவர்கள் அரசமைப்பின் முகப்புரையில் தொடங்குவது வழக்கம். நான் ஒரு சேவலில் தொடங்குகிறேன்.

1950களில் பீகாரின் ஆதிவாசி வட்டாரத்தில் ஜார்க்கண்ட் கட்சிக்குச் சின்னம் சேவல். அக்கட்சி வேட்பாளருக்காக வந்த துண்டறிக்கையில் சேவலே வாய் திறந்து, தனக்கு வாக்கு என்னும் இரையைப் போடச் சொன்னது. அம்மக்களின் வழிபாட்டில் சேவலுக்கு இடமுண்டு. இரை போடாவிட்டால் தெய்வம் கோபிக்கும் என்பது உட்பொருள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மதத்தின் பேரில் வாக்குக் கேட்டதாகத் தீர்ப்பாகி, வென்றவர் பதவி இழந்தார்.

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவுதான் அவரை வீழ்த்தியது. மதம், இனம், சாதி, சமூகம், மொழி எதன் பேராலும் வாக்குக் கேட்கக் கூடாது.

சேவலைப் பிடித்த இந்தச் சட்டம் பெரிய இடத்தில் என்ன செய்தது? 1987இல் மும்பையின் வில்லே பார்லே இடைத்தேர்தலில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே, இந்துக்களின் பேரைச் சொல்லியே ரமேஷ் பிரபுவுக்கு வாக்குக் கேட்டார். பிரபுவின் வெற்றி செல்லாதென்று 1995 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் உறுதியாயிற்று. அதே நாளில் அதே அமர்வு, சிவசேனையின் இன்னொரு வேட்பாளரான மனோகர் ஜோஷியை விட்டுவிட்டது. முதல் இந்து மாநிலம் மகாராஷ்டிரத்தில் அமையும் என்று அவர் மேடையில் பேசியது வெறும் எதிர்பார்ப்பாம்! கட்சிக்காரர்கள் இதில் படித்துக்கொண்ட பாடம் எளிது: கேட்பதை நேராகக் கேட்காதே.

யாருடைய மதத்தைச் சொன்னால் குற்றம், வேட்பாளருடையதா, வாக்காளருடையதுமா? 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் நாலுக்கு மூன்றாகப் பிரிந்தார்கள். இருவருடையதும் என்றது பெரும்பான்மை. சாதியாலும் மொழியாலும் ஒதுக்கப்பட்டவன் தன் குறையைத் தேர்தலில் பேசவிடாமல் வாயடைப்பதா என்று கேட்டது நீதிபதி சந்திரசூட் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு. என் மனம் அந்த மூவர் பக்கம். அரிசியோடு மொழியும் சேர்ந்து 1967இல் ஆட்சியை மாற்றிய தமிழ்நாட்டில் இருந்துகொண்டு வேறு எப்படிச் சொல்வேன்?

அப்படியானால் தெய்வத்தைக் காட்டி மிரட்டலாமா என்பீர்கள். கூடாது. அதற்குத்தான் 123(2) இருக்கிறது: எனக்குப் போடாவிட்டால் தெய்வக் குற்றம் என்று நம்பவைப்பதே தனிக் குற்றம். மதத்தின் பேரால் பகை மூட்டுவதை 123(3A) தடுக்கிறது. மிரட்டலையும் பகையையும் இவ்விரண்டும் பார்த்துக்கொள்ளும். பேச்சில் மதத்தின் பெயர் வந்ததா என்று சல்லடை போடும் வேலையை நீதிமன்றங்கள் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

ஆனால் எந்தப் பிரிவானாலும் காலத்தில் தீர்ப்பு வர வேண்டுமே! 2017 தீர்ப்புக்கு மூலமான வழக்கு, 1990இல் மும்பை சாந்தாகுரூஸில் நடந்த தேர்தலைப் பற்றியது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் 1995லேயே முடிந்துவிட்டது. தேர்தல் மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க உயர் நீதிமன்றம் முயல வேண்டும் என்று 86ஆம் பிரிவு சொல்கிறது. 'முயல வேண்டும்' என்பதை 'முடிக்க வேண்டும்' என்று திருத்தி, மேல்முறையீட்டுக்கும் கெடு விதிக்க நாடாளுமன்றம் முன்வர வேண்டும். சட்டத்தில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுதான்.